நேட்டிவ் சோபா

என் வீட்டுக்குள் வேஷம் போட்ட மென்பொருள் எதுவும் நுழையாது என்று நான் சபதம் எடுத்தது கல்யாணத்துக்கு முன்னால். அப்போது வீட்டில் நான் ஒருவன்தான். சபதத்துக்கு எதிர்ப்பே இல்லை.

வேஷம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். அதில் விளையாட்டுகள் இரண்டு விதமாக ஓடும். லினக்ஸுக்கென்றே உட்கார்ந்து எழுதியது ஒரு விதம். அதற்கு நேட்டிவ் என்று பெயர். இன்னொரு விதம், விண்டோஸுக்கு எழுதியதை இங்கே கொண்டுவந்து ஓட்டுவது. நடுவில் ஒரு இடைமென்பொருள் உட்கார்ந்துகொண்டு, 'நீ விண்டோஸில்தான் இருக்கிறாய், பயப்படாதே' என்று விளையாட்டின் காதில் ஓயாமல் பொய் சொல்லும். விளையாட்டும் நம்பிக்கொண்டு ஓடும். இதைத்தான் நான் வேஷம் என்பேன். ஊரில் பாதி லினக்ஸ்காரர்கள் இப்போது வேஷக் கட்சிக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. பொய்யிலேயே காரியம் நடந்துவிட்டால் எந்தக் கம்பெனிக்காரன் நமக்காக மெனக்கெட்டு எழுதுவான்?

இந்தக் கொள்கை கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் சொருக ஒரு அடாப்டர் விற்கிறார்கள். நான் வாங்கியதில்லை. அதனால் எங்கள் இஸ்திரிப் பெட்டி படுக்கையறையில் மட்டும்தான் வேலை செய்யும்.

"ஒரு அடாப்டர் இருந்தா ஹால்லயே தேய்ச்சுக்கலாம்ல?" என்பாள் மனைவி.

"எல்லாரும் அடாப்டர் வாங்கினா நாளைக்கு எவனும் சரியான பிளக் செய்ய மாட்டான்."

"நீங்க வாங்காம இருந்து எவன் செஞ்சான்?"

இதற்குப் பதில் சொல்ல நேரமிருக்காது. கசங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனமான ஒரு சட்டத்தை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். குரல் உயராது. அவசரமே படமாட்டாள். அந்தப் பொறுமையை நான் சாதுவான சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

வினை அவளுடைய அக்காவிடமிருந்து வந்தது. அக்காவும் என் சகலையும் ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்கள் 'சாமான் வண்டி' என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ஜோடிகள் எதிரெதிராக ஆடுவது. ஜோடிக்கொரு மாடி வீடு. கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் படி வழியாக இறக்கி, கீழே நிற்கும் லாரியில் ஏற்ற வேண்டும். சோபாவின் ஒரு முனை கணவனுக்கு, மறுமுனை மனைவிக்கு. கல்யாணமானவர்கள் சேர்ந்து சோபா தூக்குவதைப் பொழுதுபோக்கு என்று கண்டுபிடித்தவன் கல்யாணமாகாதவனாகத்தான் இருக்க வேண்டும்.

"நாமளும் ஆடலாமாங்க? அக்கா கூப்பிடறா" என்றாள்.

தேடிப் பார்த்தேன். என்ன அதிசயம், அந்த விளையாட்டுக்கு நேட்டிவ் உண்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே போட்டேன். மடிக்கணினியை டிவியோடு இணைத்து, விளையாட்டை இயக்க ஆளுக்கொரு கைப்பிடியோடு ஹாலில் உட்கார்ந்தோம்.

நேட்டிவில் ஒரே ஒரு சின்னக் குறை இருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில் சோபாவைத் திருப்பும்போது படம் அப்படியே நின்றுவிடும். மூச்சு விட்டு மூச்சு வாங்கும் நேரம்தான். மறுபடி ஓடும்போது சோபா எங்கள் கையில் இருக்காது. உருண்டு கீழே கிடக்கும். சில சமயம் சோபாவின் அடியில் நானும் கிடப்பேன்.

ஆடும்போது போட்டுவைத்திருக்கும் வீடியோ காலில் சகலையின் சிரிப்பு கேட்கும். "என்ன சகலை, லிஃப்ட் ரிப்பேரா?"

அக்கா விடமாட்டாள். "ஏன்டி, உன் வீட்டுக்காரர் படியில நின்னு தியானம் பண்றாரா?"

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அக்காவும் தங்கையும் ஒரு பந்தயம் வைத்துக்கொண்டிருந்தார்கள். சீசன் முடிவில் தோற்ற ஜோடி ஜெயித்தவர்கள் வீட்டுக்கு விடுமுறைக்குப் போக வேண்டும். கேட்க ஒன்றுமில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து எல்லா விடுமுறைக்கும் நாங்கள்தான் அங்கே போகிறோம். இந்த வீட்டுக்குக் குடிவந்தபின் அக்கா ஒரு தடவைகூட வந்ததில்லை. சகலைக்கு வேலை, பூனைக்கு உடம்பு சரியில்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அக்காவின் சட்டையைப் போட்டு, அக்காவின் சைக்கிளை ஓட்டி வளர்ந்தவள் என் மனைவி. அவளே பார்த்துப் பார்த்து அடுக்கிய ஒரு வீடு இது. அக்கா வந்து இதைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் அவள் ஆசை.

வரிசையாகத் தோற்றுக்கொண்டே வந்தோம். ஒரு நாள் கேட்டாள்.

"நீங்க திட்டுவீங்களே, அந்த வேஷம். அதுல ஆடினா படிக்கட்டுல நிக்காதாமே? அத்தான் எங்கயோ படிச்சாராம்."

"விண்டோஸ்காரன் பேச்சை என்கிட்ட சொல்லாதே."

"நிக்குமா நிக்காதா? அதைச் சொல்லுங்க."

"நிக்காது. ஆனா அது கேள்வியே இல்ல. அது தப்பு."

"என்ன தப்பு?"

அவளை உட்காரவைத்து விளக்கினேன். ஆபத்தைத் தெளிவாகச் சொன்னால்தானே விலகி இருப்பார்கள்? "விளையாட்டோட பேர் மேல வலது கிளிக் பண்ணினா ஒரு பட்டியல் வரும். அதுல கடைசி. அதுக்குள்ள இடது பக்கம் மூணாவது. மேல ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதுல டிக் போட்டா போச்சு, நேட்டிவ் போயிடும், வேஷம் வந்துடும். அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கக் கூடாது. புரியுதா?"

"இடது பக்கம் மூணாவது" என்றாள்.

"ஆமா. தொடவே கூடாது."

"சரிங்க."

எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாள் என்று பெருமைப்பட்டேன். ஆனாலும் மறந்துவிடக் கூடாதே என்று அடுத்தடுத்த நாட்களிலும் நினைவுபடுத்தினேன்.

அதற்கடுத்த ஞாயிறு அற்புதம் நடந்தது. படிக்கட்டுத் திருப்பம் வந்தது. நான் வழக்கம்போல் மூச்சைப் பிடித்தேன். படம் நிற்கவில்லை. சோபா திரும்பியது. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. லாரியில் ஏறியது. ஜெயித்துவிட்டோம். சகலை தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் சரி பண்ணிட்டான்!" என்று கத்தினேன். "நான் அவனுக்கு எத்தனை தடவை எழுதிப் போட்டேன் தெரியுமா? பொறுத்தவனுக்குப் பலன் கிடைச்சுது பாரு!"

"நீங்கதாங்க காரணம்" என்றாள் மனைவி.

"கையில வித்தியாசம் தெரியுதா உனக்கு? நேட்டிவ்னா விரல் நுனியில தெரியும். வேஷத்துல ஒரு பிசுபிசுப்பு இருக்கும். இதுல அது இல்ல."

"எனக்கு அவ்வளவு நுட்பம் போதாதுங்க. நீங்க சொன்னா சரி."

அதன்பின் வாராவாரம் ஜெயித்தோம். ஒரு விஷயம் மட்டும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. விளையாட்டு ஆரம்பிக்கும் நேரம் பார்த்துத்தான் அவளுக்கு டிவியைத் துடைக்கத் தோன்றும். துணியோடு திரைக்கு முன்னால் வந்து நிற்பாள். தலைப்பு வரும்போது நகர்ந்துவிடுவாள். சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பக்கமும் சமமாகி, கடைசி ஆட்டம் வந்தது. ஞாயிறு மாலை ஆட்டம். அன்று காலை எங்கள் லினக்ஸ் பயனர் சங்கக் கூட்டம். சங்கத்தில் ஐந்து பேர். ஆறாவதாக ஒருவர் சேர்ந்தார். வைஃபை வேலை செய்யாமல் விலகிவிட்டார். தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் கிளினிக்கின் காத்திருப்பு அறையில்தான் கூடுவோம். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாருக்கும் பல் வலிக்காது.

'நேட்டிவின் ருசி' என்று நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கைப்பிடியைக் கொடுத்தாலும் நேட்டிவா வேஷமா என்று சொல்லிவிடுவேன் என்று முடித்தேன். மூன்று பேர் கைதட்டினார்கள்.

பல் டாக்டர் தாடையைத் தடவினார். "நீங்க சொன்னீங்கன்னு நானும் போட்டுப் பார்த்தேன். அதே நேட்டிவ்தான். எனக்கு இன்னும் படிக்கட்டுல நிக்குதே."

"விரல் பழகணும் டாக்டர்."

"மிஷினைக் கொண்டுவந்திருக்கீங்கல்ல? ஓட்டிக் காட்டுங்க."

ஓட்டிக் காட்டினேன். சோபா வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூன்று பேரும் மறுபடி கைதட்டினார்கள். டாக்டர் தட்டவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது அவர் கடைவாயைப் பார்க்கிறவர். தொழில் அப்படி.

"ஆரம்பத்துல ஒரு குட்டிப் பெட்டி வந்துட்டுப் போச்சே, அது என்ன?"

"எந்தப் பெட்டி? எனக்கு அப்படி எதுவும் வந்ததே இல்லையே."

அவர் குனிந்து இரண்டு கிளிக் செய்தார். பிறகு பேசாமல் இருந்தார். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு டாக்டர் பேசாமல் இருந்தால் ஒரு பயம் வருமே, அது வந்தது. எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் மூன்றாவது. மேலே சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு டிக், யாரோ ஆற அமரப் போட்டதுபோல் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் என் தோளில் கைவைத்தார். எத்தனை நாளாக வலி என்று கேட்கும் அதே குரல். "வீட்ல வேற யாராவது இதைத் தொடுவாங்களா?"

நான் வீட்டுக்கு நடந்தேனா ஓடினேனா என்று தெரியவில்லை. அவள் படுக்கையறையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த டிக்கைப் போட்டது யாரு?"

"நான்தான்." இஸ்திரிப் பெட்டி நிற்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. பேர் மேல வலது கிளிக், கடைசி, இடது பக்கம் மூணாவது. ஒரு தடவையா ரெண்டு தடவையா? பல்லு விளக்கும்போதுகூட நுரையோட வந்து சொன்னீங்க."

"அது தொடக் கூடாதுங்கறதுக்காகச் சொன்னது!"

"அவ்வளவு விவரமா அதுக்காகவா சொன்னீங்க?"

"அப்ப டிவியைத் துடைச்சது?"

"வேஷம் கிளம்பும்போது வர்ற அந்தக் குட்டிப் பெட்டி தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

"விரல் நுனியில தெரியுதுன்னு நான் சொன்னேனே. அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சங்கத்துல மானம் போயிடுச்சு!"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கடையில சில பேருக்கு ஒரே லென்ஸை ரெண்டு தடவை போட்டுக் காட்டுவேங்க. சும்மா ஒரு சோதனைக்கு. ரெண்டாவதுதான் ரொம்பத் தெளிவுன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. அவங்ககிட்ட ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லக் கூடாது. பாவம். சிரிச்சு அனுப்பிடணும்."

நான் அந்தப் 'பாவம்' வரிசையில் போய் நின்றேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தினேன். "வேஷத்துல வந்த வெற்றி எனக்கு வேண்டாம். இன்னிக்கு நேட்டிவ்தான்."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அடுக்கிவைத்திருந்த வசனங்கள் நிறைய இருந்தன. அவள் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"சரிங்க" என்றாள். "உங்க கொள்கையைவிட அக்கா வர்றது பெருசா என்ன?"

ஹாலுக்கு வந்தாள். மடிக்கணினியை டிவியோடு இணைத்தாள். என் கண் முன்னாலேயே டிக்கை எடுத்தாள். பெட்டி காலியானது. அதை எனக்குச் சுட்டிக்காட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிச் சரிபார்த்துவிட்டுக் கழற்றி வைத்தேன். நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை.

"தோத்தா நாமளே போவோம். அங்க மாடியில அந்தச் சின்ன ரூம் நமக்குன்னு இருக்கவே இருக்கு. பூனையும் நம்ம பெட்டுலதான் படுக்கும், பழகிடுச்சு." ஜன்னல் பக்கம் போய்ப் புதுத் திரைச்சீலையின் மடிப்பை இழுத்துவிட்டாள். அதை மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. "அக்காவுக்குப் பச்சை புடிக்கும்னு எடுத்தேன். பரவாயில்ல. நாமளே பார்த்துக்கலாம். நீங்க உட்காருங்க, டீ போட்டு எடுத்துட்டு வரேன். ஆட்டம் ஆரம்பிக்க நேரமிருக்கு."

போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது.

ஹாலில் நானும் மடிக்கணினியும் பச்சைத் திரைச்சீலையும் இருந்தோம்.

முதலில் நான் திரைச்சீலையைப் பார்க்காமல் இருந்தேன். அப்புறம் பார்த்தேன். மடிப்பு நன்றாகத்தான் இருந்தது. கொள்கை என்பது என்ன? மனிதனுக்காகக் கொள்கையா, கொள்கைக்காக மனிதனா? இந்தக் கம்பெனிக்காரன் இத்தனை நாளாகப் படிக்கட்டைச் சரி செய்யவில்லை. அவனுடைய ஓட்டை நேட்டிவிலேயே நாம் விசுவாசமாக விழுந்து புரண்டால் அவன் ஏன் சரி செய்யப் போகிறான்? வேஷத்தில் ஆடுவதே அவனுக்கு நாம் காட்டும் கண்டனமாகாதா? ஆகும். இது சமரசம் இல்லை. போராட்டம்.

அடுப்படியில் குழாய் திறந்தது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் எனக்குச் சின்னப் பெட்டிகள் தெரியாது. அது எங்கே போயிற்று என்று சட்டைப் பை, டிவி மேஜை, சோபா இடுக்கு எல்லாம் துழாவினேன். கடைசியில் செய்தித்தாளுக்கு அடியில் இருந்தது. மாட்டிக்கொண்டேன். வலது கிளிக். கடைசி. இடது பக்கம் மூன்றாவது. டிக்.

திருடனைப்போல் வியர்த்தது. அவள் வந்து உட்கார்ந்து கைப்பிடியை எடுத்தாள். ஆட்டத்தைத் துவக்கினேன். குட்டிப் பெட்டி வரப்போகிறதே என்று நினைவு வந்தது. துண்டை எடுத்துக்கொண்டு டிவியின் முன்னால் பாய்ந்தேன். அன்றைக்கு டிவியைத் துடைத்தது நான்.

"அழுக்கா இருக்கா?" என்றாள்.

"தூசி."

"இருக்கும்ங்க."

அப்படி ஓர் ஆட்டத்தை நாங்கள் ஆடியதே இல்லை. கட்டில் இறங்கியது. பீரோ இறங்கியது. கடைசியில் சோபா. விளையாட்டின் பக்கத்து வீட்டில் அக்காவின் சோபாவும் மாடி வாசலைத் தாண்டிவிட்டது. "இடது பக்கம் சாயுங்க, இன்னும், இன்னும், இப்ப தூக்குங்க!" என்று அவள் சொல்ல, நான் நிஜமாகவே நாற்காலியில் சாய்ந்தேன். திருப்பம் வந்தது. படம் நிற்கவில்லை. அக்காவின் சோபா லாரிக்கு வந்தபோது எங்கள் லாரி கிளம்பியிருந்தது.

என் மனைவி எழுந்து நின்றாள். கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் இன்னும் நாலு பெட்டியில் டிக் போடச் சொன்னாலும் போட்டிருப்பேன்.

வீடியோவில் அக்கா பெருமூச்சு விட்டாள். "சரிடி, வர்றோம். பூனையையும் கூட்டிட்டு வர்றோம். உங்க கட்டடத்துல லிஃப்ட் இருக்குல்ல?"

"இருக்குக்கா. இவர்தான் அதைப் பார்த்துக்கறார்."

"அப்ப படியிலயே ஏறி வர்றோம்" என்றார் சகலை.

வீடியோவை அணைத்தாள். நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். காலையில் சங்கத்தில் போன மானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"பார்த்தியா?" என்றேன். "சுத்த நேட்டிவ். வேஷம் இல்லாமலே ஜெயிச்சாச்சு."

"ஆமாங்க. விரல் நுனியில தெரிஞ்சுதா?"

"போன வாரத்தைவிடத் தெளிவாத் தெரிஞ்சுது."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தொண்டை வறண்டிருந்தது. சுற்றிலும் பார்த்தேன்.

"டீ எங்க?"

"எந்த டீ?"

"போடறேன்னு போனியே. பாத்திரச் சத்தம்கூடக் கேட்டுதே."

அவள் கைப்பிடிகளின் வயரைப் பொறுமையாகச் சுருட்டினாள். "அது வெறும் பாத்திரம்ங்க. நீங்க கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, அந்தப் பெட்டியைக் கண்டுபிடிச்சு, டிக் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் உள்ள ஏதாவது சத்தம் பண்ணிட்டு இருக்கணும்ல?"